ரத்தக் குருத்தணுவை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் கண்டறிவது எப்படி: ஆன்டிபாடி தேர்விலிருந்து கடைசிக் கணக்கு வரை

"அக்கா, சிடி34 ரெண்டு சதவீதத்துக்கு மேல வந்திருக்கு!" என்று ஓடி வந்தாள் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி. நோயில்லாத, எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாத ஒருவரின் சாதாரண ரத்தம் அது. அப்படிப்பட்ட ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஆயிரத்தில் ஒன்று சிடி34 உள்ளதாக இருந்தாலே அதிகம். (சிடி34, சிடி45 என்பவை செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களின் பெயர்கள். சிடி34 ரத்தக் குருத்தணுவை, அதாவது ஸ்டெம் செல்லைத் தேடும்போது முதலில் பார்க்கும் அடையாளம்; சிடி45 வெள்ளணுக்களின் பொது அடையாளம். குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கட்டி, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு, வரும் வெளிச்சத்தை வைத்து எண்ணுவதுதான் ஃப்ளோ சைட்டோமெட்ரி.) அந்தக் குழாய் கோவில்பட்டியிலிருந்து சித்திரை வெயிலில் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வந்து, ஒரு ராத்திரி மேசையிலேயே கிடந்து, மறுநாள்தான் எங்கள் கைக்கு எட்டியது. இறந்த செல்லைப் பிரித்துக் காட்டும் சாயம் எதையும் அவள் சேர்க்கவில்லை. அதே ரத்தத்தில் 7-ஏஏடி என்ற அந்த வகைச் சாயத்தைச் சேர்த்து, சிடி45ஐயும் கூடவே பார்த்தோம். இரண்டு சதவீதம் 0.04 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. மற்றதெல்லாம் செத்த செல்லில் போய் ஒட்டிய ஆன்டிபாடி.

அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் அரிசியைச் சுளகில் போட்டுப் புடைப்பவர்களின் கண் அரிசியைத் தேடாது. உமியையும் கல்லையும்தான் தேடும். போக வேண்டியது போனால், நிற்பது அரிசி. குருத்தணுவைத் தேடுவதும் இந்த மாதிரி வேலைதான். நாம் போடும் ஆன்டிபாடிகளில் பாதிக்கு மேல் "இது இல்லை, இதுவும் இல்லை" என்று தள்ளுவதற்கே. தள்ளுவதைச் சரியாகச் செய்யாதவருக்குப் பிடித்தது கிடைத்தாலும் பயன் இல்லை.

எந்தச் செல், எந்த அடையாளம்

குருத்தணு என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர் மற்ற ஓலைகளை வெட்டுவார், குருத்தில் கைவைக்க மாட்டார். பனைக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் மரமே பட்டுப்போகும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்தக் குருத்தணுக்களும் அப்படித்தான். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாம் அவற்றிலிருந்து வருகின்றன. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் அவை சாதாரணச் சிறு லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு) போலவே இருக்கும். பார்த்துப் பிரிக்க வழியில்லை என்பதால்தான் செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை ஆன்டிபாடி கொண்டு தொட்டுப் பார்க்கிறோம்.

ஒரே புரதத்தின் ஒரே இடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு செய்துகொள்ளும் முறையைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் காட்டினார்கள். 1984இல் கர்ட் சிவினும் குழுவினரும் கேஜி-1ஏ என்ற லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) செல் வரிசையைக் கொண்டு உருவாக்கிய மை-10 என்ற ஆன்டிபாடிதான் பின்னால் சிடி34 என்று பெயர் பெற்ற புரதத்தை அடையாளம் காட்டியது. இன்று வரை தொடக்கப் புள்ளி அதுதான்.

ஆனால் சிடி34 இருந்தால் குருத்தணு என்று எழுதிவிடாதீர்கள். குருத்தணுவிலிருந்து ஒரு படி, இரண்டு படி இறங்கிய முன்னோடிச் செல்களிலும் அது உண்டு. ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்லிலும் உண்டு. அதனால் மேலும் சல்லடை போட வேண்டும். முதிர்ந்த ரத்த செல்களின் அடையாளங்கள் எதுவும் இருக்கக் கூடாது. இதை லீனியேஜ் நெகட்டிவ் என்பார்கள். சிடி38 இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்க வேண்டும். சிடி45ஆர்ஏ இருக்கக் கூடாது. சிடி90 இருக்க வேண்டும். 2011இல் டொராண்டோவில் ஜான் டிக்கின் ஆய்வகம் இதோடு சிடி49எஃப்-ஐயும் சேர்த்து, ஒற்றைச் செல்லை எலிக்குள் வைத்தே மனித ரத்தம் உருவாவதைக் காட்டியது. சிடி34 இருந்து சிடி38 இல்லாத கூட்டத்துக்குள் சிடி90, சிடி45ஆர்ஏ இரண்டும் இல்லாதவை பல்திறன் முன்னோடிகள். சிடி45ஆர்ஏ மட்டும் இருப்பவை லிம்ஃபாய்டு பக்கம் சாய்ந்தவை. எண்ணி முடிப்பதற்குள் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

எலி ஆய்வுக் கட்டுரை படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எலிக்குச் சொல்லும் ஸ்கா-1, சிடி150 அடையாளங்களை மனித ரத்தத்தில் தேடாதீர்கள். மனிதரில் ஸ்கா-1 கிடையாது, மனிதக் குருத்தணுவைச் சிடி150 காட்டிக்கொடுப்பதும் இல்லை. எலியின் குருத்தணு சிடி34 இல்லாதது, மனிதருடையதோ சிடி34 உள்ளது. ஸ்கா-1 வாங்கிப் பணத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த அடையாளங்கள் புதிதாக எடுத்த செல்லுக்குத்தான் பொருந்தும். ஆய்வகத்தில் சில நாள் வளர்த்த செல்லில் சிடி38 தானாகவே குறைந்துவிடும். அங்கே அதை நம்பக் கூடாது. வளர்த்த செல்லுக்கு ஈபிசிஆர் எனப்படும் சிடி201 நல்ல துணை.

எந்த ஆன்டிபாடிக்கு எந்த நிறம்

வழிகாட்டியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீலம் 488, ஊதா 405, சிவப்பு 640 நானோமீட்டர் என மூன்று லேசர் உள்ள இயந்திரத்துக்கு நான் போடும் அமைப்பு இது (முதலில் ஒளிரும் சாயத்தின் பெயர், அடுத்து அதால் காணும் அடையாளம்):

எஃப்ஐடிசி: சிடி3, சிடி14, சிடி16, சிடி19, சிடி20, சிடி56 (எல்லாம் ஒரே குப்பியில், தள்ள வேண்டியவை)
பிஇ: சிடி90
7-ஏஏடி: இறந்த செல்
பிஇ-சை7: சிடி38
ஏபிசி: சிடி34
பிவி421: சிடி45ஆர்ஏ
பிவி510: சிடி45

ஏன் இப்படி? சிடி90 மிக மங்கலாகத் தெரிகிற அடையாளம், அதற்கு மிகப் பிரகாசமான சாயம் வேண்டும். அதனால்தான் பிஇ. இந்தச் சாயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நம் கடற்கரைக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். பிஇ என்பது ஃபைகோஎரித்ரின். சிவப்புக் கடற்பாசிகள் கடலுக்கடியில் எட்டும் பச்சை, நீல வெளிச்சத்தைப் பிடித்துவைக்க வைத்திருக்கும் புரதம் அது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் இந்தச் சிவப்புப் பாசிக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். ஒரு பிஇ மூலக்கூறு சுமார் 2,40,000 டால்டன் எடை, அதற்குள் 34 நிறமிகள். அது ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியே 1,50,000 டால்டன்தான். இத்தனை நிறமி ஒன்றாகக் கூடியிருப்பதால்தான் அந்தப் பிரகாசம். ஆன்டிபாடியோடு இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தும் வழி 1982இல் வந்தது. ஏபிசியும் இந்தக் குடும்பத்துச் சாயமே.

இரண்டாவது விஷயம் நிறக்கசிவு. ஒரு சாயத்தின் ஒளி பக்கத்துச் சாயத்தின் டிடெக்டருக்குள்ளும் கொஞ்சம் புகும். எஃப்ஐடிசி பிஇக்குள் நன்றாகவே கசியும். அப்படியானால் மங்கலான சிடி90ஐ எஃப்ஐடிசிக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். எஃப்ஐடிசியில் பிரகாசிக்கும் செல்கள் எல்லாம் நாம் தூக்கியெறியப் போகிறவை. அவை பிஇக்குள் எவ்வளவு கசிந்தாலும் நமக்குக் கேடில்லை. 7-ஏஏடிக்கும் இதே கணக்கு: அதில் பிரகாசிப்பது செத்த செல், அது பிஇ-சை7க்குள் கசிந்தால் என்ன? தள்ளப் போகும் அடையாளங்களை, வைத்துக்கொள்ளப் போகும் மங்கலான அடையாளத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். வைத்துக்கொள்ளப் போகிற இரண்டை ஒன்றுக்கொன்று தூரத்தில் வையுங்கள். யாரும் எனக்கு முதல் வருஷத்தில் சொல்லித்தராத பாடம் இது.

சிடி45ஐ முன்பு நான் ஏபிசி-சை7இல் வைத்திருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கொட்டிய மழையில் எங்களுக்கு மின்சாரம் போனது. ஃபிரிட்ஜ் சூடாகிறதே என்ற பதற்றத்தில் குப்பிகளை எடுத்து, வெளிச்சம் விழும் ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டோம். தண்ணீர் வடிந்து வேலை தொடங்கிய பிறகு முதல் மாதிரியில் லிம்போசைட் அத்தனையும் சிடி34 உள்ளவையாகத் தெரிந்தன. காரணம் எளிது. ஏபிசி-சை7 என்பது இரட்டைச் சாயம்: ஏபிசி ஒளியை வாங்கி சை7க்குக் கொடுக்கிறது. வெளிச்சமும் சூடும் பட்டு சை7 கெட்டால், மிச்சமிருப்பது வெறும் ஏபிசி. அப்போது சிடி45 உள்ள செல் எல்லாமே ஏபிசி டிடெக்டரில் "நான் சிடி34" என்று பொய் சொல்லும். பிஇ-சை7 கெட்டாலும் இதேதான். சிடி38 உள்ள செல்கள் சிடி90 உள்ளவை போலத் தெரியும். அந்த வாரமே சிடி45ஐ பிவி510க்கு மாற்றினேன். ஒரு குழாயில் இரண்டு பிரில்லியன்ட் வயலட் சாயங்கள் சேர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டும் என்பதால், அதற்கென்றே விற்கும் பஃபரில் ஆன்டிபாடிகளைக் கலக்க வேண்டும். அதை மட்டும் மறக்காதீர்கள்.

குளோன் பெயரையும், அதாவது ஒரே புரதத்துக்கான ஆன்டிபாடிகளில் இது எந்த வகை என்பதையும், பாருங்கள். சிடி34க்கு ஆன்டிபாடி ஒட்டும் இடங்கள் மூன்று வகுப்பு. மை-10 முதல் வகுப்பு, கியூபெண்ட்10 இரண்டாம் வகுப்பு, 581ம் 8ஜி12ம் மூன்றாம் வகுப்பு. நொதி பட்டாலும் சிதையாமல் நிற்பது மூன்றாம் வகுப்பு. காந்தமணி வைத்துச் சிடி34 செல்களைப் பிரித்த பிறகு சோதிக்கிறீர்கள் என்றால், மணியில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கியூபெண்ட்10; அதே இடத்துக்குப் போட்டிபோடாத 581 அல்லது 8ஜி12 போடுங்கள். சிடி90க்கு 5ஈ10, சிடி38க்கு எச்ஐடி2, சிடி45ஆர்ஏக்கு எச்ஐ100 பழகிய குளோன்கள்.

வாங்குவதும் வைப்பதும்

குளிர்பெட்டியில் ஜெல் பேக்கோடு வரும் ஆன்டிபாடியைச் சனிக்கிழமை வந்து சேரும்படி ஆர்டர் செய்யாதீர்கள். ஞாயிறு முழுக்கக் கூரியர் அலுவலகத்தில் கிடக்கும். திங்கள் கிளம்பி புதனுக்குள் வரும்படி கேளுங்கள். வந்ததும் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், ஜெல் பேக் இன்னும் குளிர்ந்திருக்கிறதா என்று குறித்துவையுங்கள்.

வைக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி வரை, இருட்டில். ஃப்ரீசரில் ஒருபோதும் வேண்டாம். உறைந்தால் பிஇ, ஏபிசி இரண்டும் பாழ். குப்பியைச் சுற்றி அலுமினியத் தாள். மின்வெட்டு வந்தால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விடுவதே நல்லது. நீண்டுபோனால் ஜெல் பேக் போட்ட தெர்மோகோல் பெட்டிக்குள் மாற்றுங்கள், மூடி வையுங்கள்.

அளவு காண்பது

குப்பியில் எழுதிய அளவு ஒரு யோசனைதான். உங்கள் இயந்திரத்தில், உங்கள் செல்லில் எது சரியான அளவு என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். குழாய்க்குப் பத்து லட்சம் செல், மொத்தக் கொள்ளளவு 100 மைக்ரோலிட்டர் என்று நிலையாக வைத்துக்கொண்டு, சொன்ன அளவின் இரட்டிப்பில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்து ஆறு குழாய் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டிய கூட்டத்தின் மீடியனிலிருந்து ஒட்டாத கூட்டத்தின் மீடியனைக் கழித்து, ஒட்டாத கூட்டத்தின் திட்ட விலக்கத்தின் இரு மடங்கால் வகுங்கள். வருவது சாயக் குறியீடு. அது உச்சம் தொடும் குழாயின் அளவே உங்கள் அளவு. அதற்கு மேல் ஊற்றினால் ஒட்டாத கூட்டமும் மெல்ல வெளிச்சமாகும். அரிய செல்லைத் தேடும்போது அதுதான் கல்.

சாதாரண ரத்தத்தில் சிடி34 செல் போதாது. அதனால் சிடி34ஐக் கேஜி-1ஏ செல்லிலோ தொப்புள்கொடி ரத்தத்திலோ அளந்துகொள்ளுங்கள்.

மாதிரி

ஒப்புதல் இல்லாமல் ஒரு சொட்டும் எடுக்கக் கூடாது. தொப்புள்கொடி ரத்தத்துக்குத் தாயின் ஒப்புதலைப் பிரசவ வலி வருவதற்கு முன்பே வாங்குங்கள். நிறுவனத்தின் நெறிக்குழு அனுமதியும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிமுறைகளும் கையில் இருக்கட்டும். எல்லா மாதிரியையும் தொற்றுள்ளது என்றே நினைத்துக் கையாளுங்கள்.

எதில் எவ்வளவு கிடைக்கும்? சாதாரண ரத்தத்தில் வெள்ளணுவின் 0.1 சதவீதத்துக்குக் கீழ்தான் சிடி34. எலும்பு மஜ்ஜையில் சுமார் ஒரு சதவீதம். தொப்புள்கொடி ரத்தத்தில், ஃபிக்கால் என்ற அடர்த்தியான கரைசல் போட்டுப் பிரித்த ஒற்றைக்கரு செல்களில் (லிம்போசைட், மோனோசைட் போன்ற வெள்ளணுக்களில்) ஏறக்குறைய ஒரு சதவீதம். கற்றுக்கொள்வதற்கு எனக்குத் தொப்புள்கொடி ரத்தமே பிடிக்கும். கிடைப்பது எளிது, செல்களும் நல்ல உயிரோட்டத்தோடு இருக்கும்.

தென்காசி, கோவில்பட்டி, நாகர்கோவில் என்று வெளியூரிலிருந்து வரும் மாதிரிக்கு ஒரு வார்த்தை. குழாயைப் பனிக்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்து செல் வெடிக்கும். ஜெல் பேக்கைத் துணியில் சுற்றி, குழாயை நிமிர்த்தி வைத்து, மூடிய பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். எடுத்து 24 மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

"அறை வெப்பநிலையில் வை" என்று செய்முறைக் கையேடுகளில் எழுதியிருப்பது 20 முதல் 25 டிகிரியை. மே மாதத்து நெல்லை அறையை அல்ல. ஃபிக்காலின் அடர்த்தி 1.077 என்பதும் 20 டிகிரிக்குச் சொன்னது. சூடு ஏறினால் அடர்த்தி இறங்கி, நமக்கு வேண்டிய செல்கள் கீழே போய்விடும். மிகக் குளிர்ந்தால் அடர்த்தி கூடி, வேண்டாத கிரானுலோசைட்டுகள் மேலே நின்றுவிடும். ஏசி ஓடும் அறையில், வெப்பமானி பார்த்து வேலை செய்யுங்கள்.

சாயம் ஏற்றுதல்: படிப்படியாக

1. ரத்தத்தோடு அதே அளவு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் கலந்து, ஃபிக்கால் மேல் மெதுவாக, கலங்காமல் ஊற்றுங்கள். 400 ஜியில் (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசையில்) 30 நிமிடம், பிரேக் இல்லாமல், 20 டிகிரியில் சுற்றுங்கள்.

2. நடுவில் நிற்கும் வெள்ளை வளையத்தை எடுத்துக் கழுவுங்கள். இரண்டாவது கழுவலை 200 ஜியில் வைத்தால் தட்டணுக்கள் மேலேயே நிற்கும், ஊற்றிவிடலாம்.

3. சிவப்பு மிச்சமிருந்தால் அம்மோனியம் குளோரைடு கரைசல். ஒரு லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 8.02 கிராம், சோடியம் பைகார்பனேட் 0.84 கிராம், டைசோடியம் ஈடிடிஏ 0.37 கிராம். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். தொப்புள்கொடி ரத்தத்தில் உட்கரு உள்ள சிவப்பணுக்கள் இருக்கும், அவை இதற்கு மசியாது. கவலை வேண்டாம், சிடி45 இல்லாதவை என்பதால் பிறகு தள்ளிவிடலாம்.

4. சாயம் ஏற்றும் பஃபர்: பிபிஎஸ், அதில் 2 சதவீதம் கன்றுக்குட்டி சீரம், 2 மில்லிமோலார் ஈடிடிஏ. செல்களை எண்ணுங்கள். முழுக் குழாய்க்கு ஐம்பது லட்சமாவது வையுங்கள். கட்டுப்பாட்டுக் குழாய்களுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை.

5. மனித ஐஜிஜி (ரத்தத்தில் இயல்பாக உள்ள, சாயமில்லாத ஆன்டிபாடி) சேர்த்துப் பத்து நிமிடம். மோனோசைட்டின் எஃப்சி ஏற்பிகள் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொண்டு பொய் வெளிச்சம் காட்டும், அதை முன்கூட்டியே அடைக்கத்தான் இது.

6. ஆன்டிபாடிக் கலவையை முதலிலேயே மொத்தமாகக் கலந்து வைத்துக்கொண்டு, குழாய்க்குச் சமமாகப் பிரித்து ஊற்றுங்கள். 4 டிகிரியில், இருட்டில், 30 நிமிடம். சூட்டில் செல் தன் மேலுள்ள ஆன்டிபாடியை உள்ளே விழுங்கிவிடும்.

7. இரண்டு மில்லிலிட்டர் பஃபரால் கழுவி, 300 ஜியில் ஐந்து நிமிடம் சுற்றி, 300 முதல் 500 மைக்ரோலிட்டரில் கலக்குங்கள். 35 அல்லது 40 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள்.

8. ஓட்டுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் 7-ஏஏடி. பிறகு கழுவ வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டிவிடுங்கள். ஃபார்மலின் வகைச் சாமான் எதிலும் பதப்படுத்தாதீர்கள்: இரட்டைச் சாயம் கெடும், 7-ஏஏடியும் அர்த்தமிழக்கும்.

கட்டுப்பாட்டுக் குழாய்கள்

இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாயம் இல்லாத செல் ஒரு குழாய். ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனி ஒற்றைச் சாயக் குழாய், நிறக்கசிவைக் கணக்கிட்டுக் கழிக்கும் கம்பென்சேஷனுக்காக. இதற்கு ஆன்டிபாடி பிடிக்கும் மணிகள் வசதி. ஒற்றைக் குழாயின் வெளிச்சம், முழுக் குழாயில் வரும் வெளிச்சத்துக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். இரட்டைச் சாயத்துக்கு அதே குப்பி, அதே லாட் (தயாரிப்புத் தொகுதி). 7-ஏஏடி மணியில் ஒட்டாது. கொஞ்சம் செல்லை 60 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துக் கொன்று, உயிருள்ளவற்றோடு கலந்து பயன்படுத்துங்கள்.

அடுத்து எஃப்எம்ஓ: எல்லா ஆன்டிபாடியும் இருக்கும், ஒன்று மட்டும் இருக்காது. சிடி38, சிடி90, சிடி45ஆர்ஏ மூன்றுக்கும் இது கட்டாயம். இம்மூன்றிலும் "இருக்கு, இல்லை" என்ற இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. சிடி38 ஒரு சரிவு போல இறங்கும், எந்த இடத்தில் கோடு போடுவது என்பதை எஃப்எம்ஓதான் சொல்ல வேண்டும். ஐசோடைப் (நாம் தேடும் புரதத்தைக் குறிவைக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) குழாயை வைத்துக் கோடு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது வேறொரு ஆன்டிபாடி, வேறொரு பிடி. உங்கள் கோட்டுக்கு அதால் சாட்சி சொல்ல முடியாது.

இயந்திரத்தில்

லேசருக்கு அரைமணி நேரமாவது சூடேற நேரம் கொடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். தினசரித் தர மணிகளை ஓட்டி நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அரிய செல்லைத் தேடும் நாளில் முதலில் வெறும் பஃபரை இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முந்தைய மாதிரியின் செல் இயந்திரத்தின் குழாயில் மிச்சமிருந்தால் இங்கே தெரியும். பத்தாயிரத்தில் ஒன்றைத் தேடும்போது, பழைய மாதிரியிலிருந்து வந்த ஐம்பது செல் உங்கள் முடிவையே மாற்றிவிடும். மாதிரிக்கு மாதிரி ப்ளீச், தண்ணீர், பஃபர் என்று கழுவுங்கள்.

எத்தனை செல் ஓட்ட வேண்டும்? தொப்புள்கொடி ஒற்றைக்கரு செல்லில் ஒரு சதவீதம் சிடி34, அதில் பத்தில் ஒரு பங்கு சிடி38 குறைந்தவை, அதிலும் கால்வாசி நமக்கு வேண்டியவை என்று வைத்துக்கொள்வோம். நாலாயிரத்துக்கு ஒன்று. தள்ளியது போகக் கடைசிப் பெட்டியில் நூறு செல் நிற்க வேண்டுமென்றால் உயிருள்ள நாலு லட்சம் செல் ஓட்ட வேண்டும். ஏன் நூறு? எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அதன் தள்ளாட்டம்: நூறுக்குப் பத்து, அதாவது பத்து சதவீதம். பத்தே செல் எண்ணினால் தள்ளாட்டம் முப்பது சதவீதத்துக்கு மேல். அந்த எண்ணை வைத்து எதையும் எழுத முடியாது.

கேட் போடும் வரிசை

கேட் என்பது படத்தில் வேண்டிய செல்களைச் சுற்றிப் போடும் கோடு, அதாவது பெட்டி. நேரத்துக்கு எதிராக ஒளியை வரைந்து, ஓட்டம் தடைப்பட்ட இடங்களை முதலில் வெட்டுங்கள். அடுத்து முன் சிதறலின் (செல்லின் அளவைக் காட்டும் ஒளிச் சிதறலின்) பரப்பும் உயரமும்: மூலைவிட்டத்தில் நிற்பவை ஒற்றை, விலகியவை ஒட்டிய ஜோடி. ஒரு சிடி34 செல்லும் ஒரு டி செல்லும் ஒட்டிக்கொண்டு வந்தால் அது புது வகைச் செல் போலத் தெரியும். பிறகு தூசியைத் தள்ளுங்கள். பிறகு 7-ஏஏடி இல்லாதவை.

இப்போது சிடி45க்கு எதிராகப் பக்கச் சிதறல் (செல்லுக்குள் துகள்கள் எவ்வளவு என்று காட்டுவது). குருத்தணுவும் முன்னோடிகளும் லிம்போசைட்டை விட மங்கலான சிடி45, குறைந்த பக்கச் சிதறல் உள்ள இடத்தில் கூட்டமாக நிற்கும். சிடி45 அறவே இல்லாத சிடி34 செல்லா? ரத்தக் குழாய்ச் சுவர்ச் செல்லாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். பிறகு லீனியேஜ் இல்லாதவை, அதில் சிடி34 உள்ளவை, அதில் சிடி38 குறைந்தவை. கடைசியாகச் சிடி90க்கு எதிராகச் சிடி45ஆர்ஏ: சிடி90 உள்ள, சிடி45ஆர்ஏ இல்லாத மூலைதான் நாம் தேடி வந்த இடம்.

இதோடு எழுந்து போய்விடாதீர்கள். அந்தக் கடைசிச் செல்களை எடுத்து முதல் படத்தின் மேல் போட்டுப் பாருங்கள். சிறு லிம்போசைட் அளவில் ஒரே இடத்தில் குவிந்தால் நம்பலாம். படம் முழுக்கத் தூவியது போல விழுந்தால் அது குப்பை, திரும்பக் கேட் போடுங்கள். எல்லாம் சரியாக வந்தாலும் "குருத்தணுவின் அடையாளம் கொண்ட செல்" என்றே எழுதுங்கள். அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு செல்லும் ரத்தத்தை மீண்டும் உருவாக்கும் என்பதில்லை. அதை நிரூபிப்பது மாற்றிவைத்துப் பார்க்கும் சோதனை மட்டுமே. நோயாளியின் மாதிரியில் சிடி34 அதிகமாக வந்தால் லுகேமியா பிளாஸ்டாகவும் (முதிராத புற்றுச் செல்லாகவும்) இருக்கலாம். அது ரத்தவியல் மருத்துவர் சொல்ல வேண்டிய முடிவு.

மாற்று சிகிச்சைக்கான எண்ணிக்கை

தமிழ்நாட்டில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் தொடங்கியது. மாற்று சிகிச்சைக்குச் செல் சேகரிக்கும் இடத்தில் மேலே சொன்ன நீண்ட வரிசை தேவையில்லை. அங்கே கேள்வி ஒன்றுதான்: உயிருள்ள சிடி34 செல் எத்தனை? இதற்கு 1996இல் சதர்லாண்டும் குழுவினரும் வகுத்த ஐஷேஜ் முறையைப் பின்பற்றுகிறார்கள். சிடி45 எஃப்ஐடிசி, சிடி34 பிஇ, 7-ஏஏடி, எண்ணிக்கை தெரிந்த மணிகள். குறைந்தது 75,000 வெள்ளணு, குறைந்தது 100 சிடி34 செல். வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 30,000ஐத் தாண்டினால் முதலில் நீர்க்கச் செய்யுங்கள். சிவப்பணுவை உடைத்த பிறகு கழுவக் கூடாது. கழுவினால் செல்லும் போகும், மணியும் போகும், கணக்கே போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து மடங்கு நீர்த்த மாதிரியில் 100 மைக்ரோலிட்டர், அதோடு 1,00,000 மணிகள். ஓட்டியதில் 250 சிடி34 செல், 5,000 மணி. 250ஐ 5,000ஆல் வகுத்து, 1,00,000ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்தால் மைக்ரோலிட்டருக்கு 50. பத்து மடங்கு நீர்த்தது, ஆகவே பையில் 500. பை 250 மில்லிலிட்டர் என்றால் மொத்தம் 12.5 கோடி செல். நோயாளி 60 கிலோ. கிலோவுக்கு 20.8 லட்சம்.

கிலோவுக்கு 20 லட்சம் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கீழ் எல்லை. அப்படியானால் போதும் என்று சொல்லிவிடலாமா? 250 செல்லின் தள்ளாட்டம் சுமார் 16, அதாவது 6 சதவீதத்துக்கு மேல். உண்மையான எண் 19.5 லட்சமாகவும் இருக்கலாம், 22 லட்சமாகவும் இருக்கலாம். இதற்கு மேல் பிப்பெட்டின் பிழை வேறு: மாதிரியை 100க்குப் பதில் 95 மைக்ரோலிட்டர் எடுத்திருந்தால் ஐந்து சதவீதம் குறைத்துச் சொல்லியிருப்போம், 105 எடுத்திருந்தால் கூட்டிச் சொல்லியிருப்போம். இந்த மாதிரி எல்லைக்கோட்டில் எண் வரும்போது நான் இன்னொரு குழாய் புதிதாகப் போடுவேன், மாதிரியையும் மணியையும் ஒரே பிப்பெட்டால், தலைகீழ் முறையில் (தேவைக்கு மேல் உறிஞ்சி, தேவையானதை மட்டும் வெளியே விட்டு) எடுப்பேன், ஆயிரம் சிடி34 செல் சேரும் வரை ஓட்டுவேன். அப்போது தள்ளாட்டம் மூன்று சதவீதத்துக்கு இறங்கும். இரண்டு குழாயின் எண்ணையும், எண்ணிய செல்லின் எண்ணிக்கையையும், உயிருள்ளவற்றின் சதவீதத்தையும், மணியின் லாட் எண்ணையும் சேர்த்தே மருத்துவரிடம் கொடுப்பேன். இன்னொரு நாள் செல் சேகரிக்க வேண்டுமா என்று அவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.